பினாங்குத் தெருக்களில் ஒரு காலைநடை: கப்பித்தான் விட்டுச்சென்ற வக்ஃபு



கடற்கரை ஓரத்திலும் தென்காசிப் பக்கத்திலும் உள்ள நம் ஊர்கள் பலவற்றில் 'பினாங்கார் வீடு' என்று அழைக்கப்படும் வீடு ஒன்றேனும் இருக்கும். அவ்வீட்டின் பெரியவர் என்றோ சபராளியாகக் கப்பலேறினார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டியும் போர்வையுமாக வந்து, சில மாதம் தங்கி, மீண்டும் கப்பலேறினார். அவர் அனுப்பிய பணத்தில் வீடு எழுந்தது, குமரிகள் கரையேறினர், பள்ளிவாசலுக்கு ஹவுளு கட்டப்பட்டது. ஆனால் அவர் வாழ்ந்த தெருவை அவ்வீட்டுப் பெண்களோ பிள்ளைகளோ கண்டதில்லை. அந்தத் தெருவைக் காணும் வாய்ப்பை அல்லாஹ் எங்களுக்கு அளித்தான். மலேசியாவுக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தபோது, பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுனில், வழிகாட்டி ஒருவருடன் மூன்று மணி நேரம் நடந்தோம். அந்நடையில் கண்டதையும், அதனால் நமக்கு நேர்ந்துள்ள கடமையையும் இங்கே எழுதுகிறோம்.

நடை கடற்கரையிலுள்ள கார்ன்வாலிஸ் கோட்டையருகில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் இத்தீவைக் கைக்கொண்டார். கெடா சுல்தானின் நிலமாக இருந்த தீவு அது. காட்டை வெட்ட ஆட்கள் சுணங்கியபோது, லைட் பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்றும், காசைத் தேடி மக்கள் காட்டை வெட்டித் தள்ளினர் என்றும் வழங்கும் கதையை வழிகாட்டி சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் உடனே, "இது கதை. இந்தக் கோட்டைச் சுவர்களை எழுப்பியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அது வரலாறு" என்றார். அந்தமானில் கம்பெனி அமைத்த குற்றவாளிகள் குடியேற்றம் 1796இல் கைவிடப்பட்டபோது, அங்கிருந்த கைதிகள் பினாங்குக்கே மாற்றப்பட்டனர். ஊரின் முதற்சாலைகளிலும் அவர்களின் உழைப்பு கலந்திருக்கிறது.

லைட் வருவதற்கு முன்பே நம்மவர் இப்பகுதியில் இருந்தனர் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்களை மலாய் நாட்டார் 'சூலியா' என்றனர். அவர்கள் கெடாவில் நெடுங்காலமாகத் துணி விற்று, மிளகும் ஈயமும் வாங்கி வாழ்ந்தனர். சிலர் அரசவை வணிகராகவும் இருந்தனர். பினாங்கில் புதிய துறைமுகம் திறந்ததும் அவர்களுள் பலர் நீரிணையைக் கடந்து வந்தனர். 1794இல் லைட் எழுதிய கடிதத்தில், ஏறத்தாழ 1,000 சூலியர் இங்கே குடியமர்ந்திருப்பதாகவும், அவர்களைத் தவிர ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலில் வந்து, உழைத்துச் சில டாலர்கள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதாகவும் குறிப்பிட்டுள்ளார். சபராளி வாழ்க்கையின் வடிவம் அக்கடிதத்திலேயே முழுமையாக இருக்கிறது. வருதல், உழைத்தல், சேர்த்தல், திரும்புதல். நம் பாட்டனார் காலம்வரை அதில் பெரிய மாற்றமில்லை.

கோட்டையிலிருந்து உள்நோக்கி நடந்தால் முற்காலத்தில் பிட் ஸ்திரீட் எனப்பட்ட சாலை வருகிறது. இன்று அதன் பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். இச்சாலை நெடுக வழிபாட்டு இடங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 1818இல் கட்டிமுடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், அதனையடுத்துச் சீனர்களின் குவான் யின் கோயில், சற்று தள்ளி 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், அதன்பின் நம் பள்ளிவாசல். இதனை நல்லிணக்கத் தெரு என்று பயண நூல்கள் போற்றுகின்றன. அது உண்மைதான். எனினும், இந்த அண்மைக்கு நிலமும் வணிகமும் காரணம் என்று வழிகாட்டி விளக்கினார். துறைமுகத்துக்கு அருகே யாவருக்கும் கடை வேண்டும்; கடைக்கு அருகே வழிபாட்டிடம் வேண்டும். ஒருவரையொருவர் விட்டு விலக இடமில்லாத ஊரில் ஒருவரையொருவர் பொறுத்து வாழப் பழகினார்கள். அப்பொறுமை குலைந்த நாள்களும் உண்டு. அவற்றைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் நின்றோம். அங்கே நாகூர் தர்கா. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சிறிய கட்டடம். நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக, அவர்கள் இங்கு அடங்கியிராதபோதும், கடலோடிகள் அமைத்தது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவிலும் இதுபோன்ற ஒன்று 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது. தர்கா குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது இக்கட்டுரையின் பொருள் அன்று. வங்கக்கடலைப் பாய்மரத்தில் கடந்து, பெயர் தெரியாத கரையில் இறங்கியவன், தன் ஊர்க்கரையின் பெயரொன்றை அங்கே நிறுத்திவைத்திருக்கிறான். அந்த மனத்தவிப்பை எவராலும் உணர முடியும். எங்களுடன் வந்த பெரியம்மா வெகுநேரம் அங்கிருந்து நகரவில்லை.

அடுத்து, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801ஆம் ஆண்டு, அப்போதைய துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத், காதர் முஹையித்தீன் என்னும் மரைக்காயரைச் சூலியர்களுக்குத் தலைவராக, அதாவது கப்பித்தானாக, ஏற்றுக்கொண்டார். அக்காலத்தில் மலபார் தெரு என வழங்கிய சூலியா தெருவின் தென்புறத்தில், பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. காதர் முஹையித்தீன் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த நகுதா என்று மரபு சொல்கிறது. அவர் எழுப்பிய முதற்கட்டடம் எளியது. இன்று நாம் காணும் குவிமாடங்களும் மினாராவும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்த விரிவாக்கத்தில் உருப்பெற்றவை. 'கெலிங்' என்ற சொல் கலிங்கம் என்பதிலிருந்து வந்தது என்பர். ஒருகாலத்தில் இந்தியக் கரையோரைக் குறித்த பொதுச்சொல். பிற்காலத்தில் இழிவுபடுத்தும் சொல்லாகத் திரிந்துவிட்டது. இன்று மலேசியாவில் ஒருவரை அச்சொல்லால் விளிப்பது அவரைப் புண்படுத்தும். அச்சொல்லே நகரின் பெருமைமிகு பள்ளிவாசலின் பெயரில் மரியாதையுடன் நிலைத்திருக்கிறது.

வாயிலில் ஒளு செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்கள் தமிழைக் கேட்டு நிமிர்ந்தார். "நம்ம ஊரா? வாங்க, வாங்க. கடையநல்லூரா, ராம்நாடு பக்கமா?" என்றார். அவரருகில் நின்ற பேரன் எங்களுக்கு ஸலாம் சொன்னான். பின் தாத்தாவிடம் மலாயில் ஏதோ கேட்டான். அவர் தமிழில் விடை சொல்ல, அவன் மலாயிலேயே தொடர்ந்தான். இந்த ஊரின் இருநூறாண்டு வரலாற்றில் ஒரு பாதி அவ்வுரையாடலுக்குள் அடங்கிவிட்டதாகவே எங்களுக்குத் தோன்றியது.

உள்ளே இரண்டு ரக்அத் தொழுதோம். வெளியே வந்தபின் வழிகாட்டி எங்களைச் சுற்றுச்சுவரோரம் நிற்கவைத்து, "பள்ளிவாசல் எங்கே முடிகிறது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். பிள்ளைகள் சுவரைக் காட்டினார்கள். அவர் சாலைக்கு அப்பாலுள்ள கடைவரிசைகளையும் பின்புறச் சந்துகளையும் காட்டினார். அந்த 18 ஏக்கரில் தொழுமிடம் ஒரு பகுதி மட்டுமே. மற்றதில் ஓர் ஊரே இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவன் தங்கும் இடம், குர்ஆன் ஓதும் பிள்ளைகளின் மத்ரஸா, மையித்தை அடக்கும் கபருஸ்தான், சிறு தொழிலாளர்களின் வீடுகள். சொந்தமென்று ஒரு சாண் நிலமில்லாத ஏழைக்கு அந்த வக்ஃபு நிலமே ஊராக இருந்தது.

அந்த ஊர் இன்று இல்லை. அது எவ்வாறு இல்லாமற்போயிற்று என்பதே இந்நடையில் நாங்கள் கற்ற பெரிய பாடம். கப்பித்தான் 1834இல் மறைந்தார். அவருக்குப்பின் அறங்காவலர்களுக்கிடையே பிணக்குகள் எழுந்தன. எது குடும்பச் சொத்து, எது அல்லாஹ்வுக்காக விடப்பட்டது என்ற எல்லைக்கோடு மங்கியது. வழக்குகள் ஆங்கிலேயர் நீதிமன்றங்களுக்குச் சென்றன. அந்த நீதிமன்றங்களுக்கு வக்ஃபு என்பது பழக்கமில்லாத கருத்து. கந்தூரி நடத்தி ஊராருக்கு உணவளிக்கவென்று விடப்பட்ட சொத்துகள் ஆங்கிலச் சட்டத்தின் பொருளில் அறமாகா என்று கூறி, அவ்வேற்பாடுகளைச் செல்லாதவையாக்கிய தீர்ப்புகளும் உண்டு. நம் முன்னோர் பசித்தவருக்குச் சோறிடுவதை அறமென்று நம்பி எழுதிவைத்தார்கள். அதனைப் படித்தவர்களுக்கு வேறு அகராதி இருந்தது.

இறுதியில் 1905இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் முகம்மதிய, இந்து அறக்கட்டளை வாரியம் அமைந்தது. நிர்வாகம் அதன் கைக்கு மாறியது. வாரியம் கணக்கை ஒழுங்குபடுத்தியது, பள்ளிவாசல் அழகுபெற்றது, வக்ஃபு நிலத்தில் வாடகை தரும் கடைகள் எழுந்தன. அதற்கு விலையாக, பள்ளிவாசலைச் சுற்றியிருந்த குடியிருப்பு அகற்றப்பட்டது. வருமானம் பெருகியது, குடியிருந்தோர் சிதறினர். இதில் யாரையும் எளிதாகக் குற்றவாளியாக்கிவிட முடியாது. சாக்கடையும் நெரிசலும் நோயும் உண்மையாகவே இருந்தன. ஆயினும், நாமே சரியாகப் பேணியிருந்தால் பிறர் வந்து ஒழுங்குபடுத்த வேண்டிய நிலை வந்திருக்குமா என்ற கேள்வி எழாமலில்லை.

பள்ளிவாசலை ஒட்டிய கம்போங் கோலம் தெருவில் கப்பித்தானின் கப்ரு இருக்கிறது. எத்தனையோ கப்பல்களையும் கடைகளையும் ஆண்டவரின் அடக்கம். ஸலாம் சொல்லி, துஆ செய்தோம். அவருடைய வாணிகத்தில் இன்று எதுவும் இல்லை. அவருடைய வீடுகள் எவர் கைக்குச் சென்றன என்பதைத் தெருவில் போவோர் அறியார். அவர் அல்லாஹ்வின் பெயரால் கைவிட்ட நிலத்தில் மட்டும் ஐந்து வேளையும் பாங்கு ஒலிக்கிறது. மனிதன் இறந்தபின்னும் நின்றுவிடாத நன்மைகளுள் ஸதக்கத்துன் ஜாரியா ஒன்று என்பதைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அதனைக் கல்லும் மண்ணுமாகக் கண்டது அன்றுதான்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் கேனன் ஸ்திரீட். 1867ஆம் ஆண்டு ஆகஸ்டில் சீன இரகசியச் சங்கங்கள் இரண்டிற்கிடையே பெருங்கலவரம் மூண்டது. பத்து நாள்கள் நகரம் முடங்கியது. இங்கே விழுந்த பீரங்கிக் குண்டுகளின் தடத்தால் தெருவுக்கு இப்பெயர் வந்தது என்பர். அச்சண்டையில் முஸ்லிம்களும் வெள்ளைக்கொடி, செங்கொடி என்று இரு சங்கங்களாகப் பிரிந்து, சீனச் சங்கங்களுக்குத் துணையாக எதிரெதிரே நின்றார்கள். ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்கள் தெருவில் ஒருவரையொருவர் தாக்கினார்கள். மஹல்லாப் பூசல்களை இன்றும் காணும் நமக்கு இது அந்நியமான செய்தியன்று. வழிகாட்டி இதனை மறைக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி கூறினோம். பெருமையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு வரலாறு பயன்படாது.

நடை ஆச்சே தெருவில் முடிந்தது. ஆச்சேயிலிருந்து வந்த அரபு வழி வணிகர் தெங்கு சையத் ஹுசைன் 1808இல் கட்டிய பள்ளிவாசல் அங்கே, எண்கோண மினாராவுடன் நிற்கிறது. நீராவிக் கப்பல் காலத்தில் மலாய் நாட்டின் வடபகுதியிலிருந்தும் சுமத்திராவிலிருந்தும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டோர் இத்தெருவில் வாரக்கணக்கில் தங்கினர். இதனை இரண்டாம் ஜித்தா என்றே அழைத்தனர். பயணச்சீட்டு, துணிமணி, நூல்கள், வழியில் உண்ண உலர் உணவு என அனைத்தும் இங்கே கிடைத்தன. அவற்றை விற்றவர்களில் நம்மவரும் இருந்தனர்.

மதிய உணவுக்கு நாசி கண்டார் உண்டோம். நாசி என்றால் மலாயில் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் தண்டு. ஒருபுறம் சோற்றுப்பானை, மறுபுறம் கறிப்பானையாகத் தண்டில் கட்டித் துறைமுகத் தொழிலாளருக்கு விற்றுத் திரிந்த தமிழ் முஸ்லிம்களிடமிருந்து தோன்றியது இவ்வுணவு. இன்று அது பினாங்கின் அடையாளம். 'மாமா' என்ற நம் உறவுச்சொல் 'மாமாக்' ஆகி, மலேசியா எங்கும் உணவுக்கடையின் பெயராகிவிட்டது. மரைக்காயர் என்ற குடிப்பெயர் 'மெரிக்கன்' ஆகி, தமிழறியாத குடும்பங்களின் பெயரில் வாழ்கிறது. இங்கேயே மணம்புரிந்து தங்கியவர்களின் வழிவந்தோர் ஜாவி பெரனாக்கான் எனப்பட்டு, மலாய்ச் சமூகத்தோடு கலந்தனர். அதனை இழப்பென்று மட்டும் சொல்வது நியாயமன்று. அவர்கள் தாம் வாழும் மண்ணின் மக்களாயினர்; மார்க்கம் அதற்குத் தடையாக இல்லை.

ஆனால் கடலின் இக்கரையில் காத்திருந்தவர்களின் வரலாறு எந்த வழிகாட்டியின் நடையிலும் இடம்பெறாது. 1926இல் கடலில் இறங்கிய ரஜூலா கப்பல் 1970கள் வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. அதன் மேல்தளத்தில் பாய்விரித்துச் சென்றோர் பலர். சிலர் அக்கரையில் இன்னொரு குடும்பம் கண்டு திரும்பாமலே போனார்கள். கடிதம் வருமென்று வாசலில் நின்ற நம் பாட்டிமார்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள், வயலைப் பார்த்தார்கள், கடனை அடைத்தார்கள். பினாங்குப் பணத்தால் எழுந்த வீடு என்று நாம் சொல்லும் வீட்டில் அவர்களின் பொறுமைக்கும் பங்குண்டு. எங்களுடன் வந்த பெரியம்மா, தம் வாப்பாவின் கடை இருந்த தெரு எது என்று வழிகாட்டியிடம் கேட்டார். சூலியா தெரு என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. இலக்கமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. அத்தெருவை இருமுறை மேலும் கீழுமாக நடந்துவிட்டு, "இதுல ஒண்ணுதான்" என்று சொல்லித் திரும்பினார்.

அப்பெரியம்மாவின் வாப்பா வாடகைக்கு இருந்தவர். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்தகையோரைப் பல காலம் காத்தது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்காப்பு முடிவுக்கு வந்தபோது, பழைய குடித்தனக்காரர்கள் பலர் நகரின் நடுவிலிருந்து வெளியேறினர். 2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதன்பின் பல பழைய வீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. கட்டடங்கள் காக்கப்பட்டன, அவற்றில் வாழ்ந்தவர்களின் நினைவைக் காக்கும் வேலை குடும்பங்களிடமே விடப்பட்டிருக்கிறது.

ஊர் திரும்பிய சில நாள்களில் எங்கள் மஹல்லாவின் பெரியவர்கள் மூவரிடம், பள்ளிவாசலுக்கு விடப்பட்ட தென்னந்தோப்பின் எல்லை எதுவென்று தனித்தனியே கேட்டோம். மூவரும் மூன்று எல்லைகளைச் சொன்னார்கள். அதனை விட்டவரின் பெயரில் இருவர் ஒத்துப்போனார்கள். மூன்றாமவருக்கு அதுவும் நினைவில்லை. கடலுக்கு அப்பால் நூற்றாண்டுகளுக்கு முன் நடந்தது நம் வாசலிலும் நடந்துகொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

எனவே வாசகர்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உங்கள் சொந்த ஊரின் தெருக்களில் ஒரு காலை நடங்கள். பள்ளிவாசலின் கல்வெட்டை வாசித்துக் காட்டுங்கள். கபருஸ்தானின் பழைய மீஸான் கற்களில் உள்ள பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். வக்ஃபு நிலம் எது, அதனை விட்டவர் யார், எதற்காக விட்டார், அதன் வருமானம் இன்று அந்நோக்கத்துக்குச் செல்கிறதா என்று ஜமாஅத்தில் மரியாதையுடன் கேளுங்கள். ஆவணங்களின் படிகளை ஒன்றுக்கு இரண்டாக வைத்திருங்கள். சபர் சென்ற பெரியவர்கள் இன்னும் உங்களோடு இருந்தால், அவர்கள் வாழ்ந்த தெருவின் பெயரையும் கடையின் இலக்கத்தையும் இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோப்பின் பழைய பத்திரத்தைத் தேடும் வேலையை நாங்கள் தொடங்கியிருக்கிறோம். கிடைத்ததும், இன்ஷா அல்லாஹ், எல்லைக்கல்லை மீண்டும் நட்டு, விட்டவரின் பெயரையும் நோக்கத்தையும் அதில் பொறிப்பதாக ஜமாஅத்தார் இசைந்துள்ளனர். துஆச் செய்யுங்கள்.